ஸ்னைப் ஓடை வீட்டில் இன்னொருத்தி

ஸ்னைப் ஓடை, நெப்ராஸ்கா
1874 செப்டம்பர் 2

ஓஹையோ, டன்மோரில் இருக்கும் திருமதி கெசியா பூல் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் பெயரும் ஊரும் ஒரு போர்வையிலிருந்து எனக்குக் கிடைத்தன.

என் கணவர் லெமுவேல், கைக்குழந்தை வினி, நான், மூன்று பேரும் ஜூலையில் இந்த நிலத்துக்குக் குடிவந்தோம். எங்களுக்கு முன்னால் இங்கே இருந்தவர் ஓரின் டேக்கட். நிலத்தை எங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அவர் மேற்கே போய்விட்டார். மனைவியைப் பற்றி என் கணவர் கேட்டதற்கு, "அவ முன்னாடியே ஓஹையோ போயிட்டா, அக்கா வீட்டுக்கு" என்றாராம். ஆகவே உங்கள் தங்கை இப்போது உங்களோடு இருப்பார் என்று நினைத்து எழுதுகிறேன்.

மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய இந்த வீட்டில் ஒரே அறைதான். நாங்கள் கதவைத் திறந்தபோது அறையின் நடுவில், நாலு கழிகளைச் சேர்த்துக் கட்டிய சட்டம் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் துண்டுத் துணிகளைச் சேர்த்துப் பாதி தைத்த ஒட்டுப்போர்வை. ஊசிகூடத் துணியில் குத்தியபடியே இருந்தது. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு பெண்ணின் பெயர் மையால் எழுதியிருக்கிறது. பயணம் கிளம்பும்போது சொந்தக்காரிகள் எழுதிக் கொடுத்தவை போலும். ஒன்றில், "உன் அக்கா கெசியா பூல், டன்மோர், ஓஹையோ. மறந்துவிடாதே" என்று இருந்தது.

இத்தனை அழகான வேலையை நான் பார்த்ததில்லை. இதை எப்படி விட்டுவிட்டுப் போக மனம் வந்தது என்று தெரியவில்லை. தங்கையைக் கேட்டு எழுதுங்கள். சட்டத்திலிருந்து அவிழ்த்து அனுப்பிவிடுகிறேன். அதுவரை கயிற்றை இழுத்துக் கூரையோடு தூக்கிக் கட்டிவிட்டு, அந்த இடத்தில் சாப்பாட்டு மேசையைப் போட்டிருக்கிறோம்.

அல்மேடா ஸ்ட்ரவுட்


டன்மோர்
1874 செப்டம்பர் 17

திருமதி ஸ்ட்ரவுட்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை கோபம் வந்தது.

என் தங்கை திர்ஸா இங்கே இல்லை. அவள் இருப்பது ஸ்னைப் ஓடையில், அவளுடைய வீட்டில். மாதம் தவறாமல் எனக்கு எழுதுகிறாள். ஆகஸ்டில் எழுதியது இதோ என் முன்னால் இருக்கிறது. வெட்டுக்கிளிகள் சோளத்தை மொட்டையடித்துவிட்டுப் போனதை எழுதியிருக்கிறாள். பெண் மிண்டாவுக்கு முன்பல் விழுந்ததையும், பையன் ஏசா அந்தப் பல்லை எடுத்துக் கோழிக்குப் போட்டதையும் எழுதியிருக்கிறாள். கையெழுத்து அவளுடையதுதான். அந்தக் கோணல் எழுத்தை யாரும் நடிக்க முடியாது.

அப்படியிருக்க, நீங்கள் அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவள் போர்வையைத் தூக்கிக் கட்டி, அவள் வீட்டு நடுவில் மேசை போட்டிருப்பதாக எனக்கே எழுதுகிறீர்கள். ஓரின் டேக்கட்டை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டவள் நான். ஆனாலும் பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டே நிலத்தை அடுத்தவனுக்குக் கொடுக்கும் அளவுக்கு அவன் போவானா?

உங்கள் கணவர் அந்த நிலத்தை எப்படிப் பிடித்தார் என்று விசாரிக்க ஆள் அனுப்பப் போகிறேன். திர்ஸா எங்கே, குழந்தைகள் எங்கே என்பதற்கு நேரான பதில் வேண்டும்.

கெசியா பூல்


ஸ்னைப் ஓடை
1874 அக்டோபர் 1

திருமதி பூல் அவர்களுக்கு,

தாராளமாக ஆள் அனுப்புங்கள். யாராவது வந்தால் எனக்கும் தைரியமாக இருக்கும்.

நான் பொய் சொல்லவில்லை. இந்த வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லை. குழந்தைகள் இருந்த அடையாளம், கதவு மூலையில் கிடந்த ஒரு சின்னக் காலுறை மட்டும்தான். அக்கம்பக்கம் என்று சொல்ல ஹாவ்லிக் என்ற பொஹிமியாக்காரக் கிழவர் ஒருவர்தான் உண்டு. எல்லோருக்கும் தபால் கொண்டுபோய்க் கொண்டுவருவது அவர்தான். உங்கள் தங்கையைப் பற்றிக் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, "அவங்க வீட்ல அவங்க இருக்காங்க. இதுல நான் சொல்ல என்ன இருக்கு?" என்றார். நம் மொழி சரியாக வராததால் அப்படிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

முதல் கடிதத்தில் எழுதக் கூச்சப்பட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். நாங்கள் வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் அந்தப் போர்வைச் சட்டம் கீழே இறங்கியிருக்கிறது. மேசை சுவரோரம் தள்ளப்பட்டிருக்கிறது. முதல் தடவை கயிறு நழுவியிருக்கும் என்று நினைத்தோம். லெம் முடிச்சை மாற்றிப் போட்டார். மறுபடியும் இறங்கியிருந்தது. முடிச்சு அறுந்திருக்கவில்லை. அவிழ்த்து, கயிற்றை ஒழுங்காகச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது.

போர்வையும் வளர்கிறது. ஓடைக்குத் தண்ணீருக்குப் போகும்போது ஒரு நீலக் கட்டம் வெறுமையாக இருந்தது. வந்து பார்த்தால் அதில் இறகு போலத் தையல் ஓடியிருக்கிறது. என் கணவர் சிரிக்கிறார். "நீயே தைச்சுட்டு மறந்துபோயிருப்ப. இந்தப் புல்லையே பார்த்துப் பார்த்து உனக்கு மண்டை குழம்புது" என்கிறார். நானும் அப்படித்தானோ என்று பயந்தேன். ஆனால் என் தையல் பெரிது பெரிதாக விழும். இது அரிசி முனை அளவு. அதோடு ஊசி போன திசையே வேறு.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். உங்கள் தங்கைக்கு இடது கைப் பழக்கமா?

அல்மேடா ஸ்ட்ரவுட்


டன்மோர்
1874 அக்டோபர் 14

திருமதி ஸ்ட்ரவுட்,

ஆமாம், இடது கை. சின்ன வயதில் அப்பா அந்தக் கையை நாற்காலியோடு கட்டிப்போட்டும் மாறவில்லை.

எனக்கு இப்போது கோபம் இல்லை. வேறு ஏதோ இருக்கிறது. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த அதே பையில் அவளுடைய கடிதமும் வந்தது. அதிலிருந்து சில வரிகளை அப்படியே எழுதுகிறேன். நீங்களே படித்துச் சொல்லுங்கள்.

"அக்கா, எனக்கு மறுபடியும் ஒரு பெண் குழந்தை. உன்னிடம் முன்னாலேயே சொல்லவில்லை என்று கோபிக்காதே. நல்ல கொழுகொழுவென்று இருக்கிறாள். இடது காதுக்குப் பின்னால் செர்ரிப்பழம் போல ஒரு சிவப்பு மச்சம். மிண்டாவும் ஏசாவும் அவளோடு விளையாட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பகலில் ஒரு பெண்பிள்ளை நம் வீட்டுக்கு வந்து போகிறாள். எங்கிருந்து வருகிறாள் என்று தெரியவில்லை. துவைக்கிறாள், சமைக்கிறாள், பாடுகிறாள். கெட்டவள் இல்லை. சாமான்களைத்தான் கண்ட இடத்தில் வைத்துவிடுகிறாள். அவளைப் பார்த்தால் நான் ஒதுங்கிக்கொள்வேன். பயந்துவிடப் போகிறாள், பாவம்."

நான் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள். பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் இதைப் படித்த நாளிலிருந்து என் வீட்டிலேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக யோசனையாக இருக்கிறது.

உங்கள் குழந்தையின் காதைப் பாருங்கள்.

கெசியா பூல்


ஸ்னைப் ஓடை
1874 அக்டோபர் 27

அம்மா,

பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பெற்றவளுக்குத் தெரியாதா? இடது காதுக்குப் பின்னால்தான், செர்ரிப்பழம் போலத்தான்.

அது என் குழந்தை. என் வினி.

போன வாரம் தண்ணீர் எடுத்துவிட்டுத் திரும்பியபோது தொட்டிலில் அவள் தலையில் ஒரு புதுக் குல்லாய் இருந்தது. நான் தைத்தது இல்லை. போர்வையில் இருக்கிற அதே நீலத் துணி. லெம்தான் எங்கோ வாங்கிவந்து என்னை ஆச்சரியப்படுத்துகிறார் என்று நினைத்து நான் கேட்கவே இல்லை. இன்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

இனி அவர் சிரிக்கப் போவதில்லை. துப்பாக்கியைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஓடைப்பக்கம் போயிருக்கிறார். "மனுஷியோ பேயோ, என் பிள்ளையைத் தொட்ட கை எதுன்னு பார்த்துட்டுத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். குழந்தையை இடுப்பில் கட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஹாவ்லிக் தபாலுக்கு வாசலில் நிற்கிறார். நான் அழுவதைப் பார்த்துவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஏன் என்று தெரியவில்லை.

அல்மேடா


டன்மோர்
1874 நவம்பர் 6

அல்மேடா,

சுட வேண்டாம் என்று உன் கணவரிடம் சொல். மனுஷியாக இருந்தால் அவள் என் தங்கை. வேறெதுவாக இருந்தால் குண்டு எதற்கு? சுட வேண்டாம். இந்தக் கடிதம் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகியிருக்குமோ.

கெசியா


ஸ்னைப் ஓடை
1874 நவம்பர் 10

அம்மா,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். உங்கள் தங்கை உயிரோடு இருக்கிறார். யாரும் சுடவில்லை.

அன்று லெம்முக்கு ஓடைக்கரையில் ஒன்றும் கிடைக்கவில்லை. மறுநாள் நான் ஒரு யோசனை சொன்னேன். வண்டியில் குழந்தையோடு கிளம்புகிற மாதிரி கிளம்பி, மேட்டைத் தாண்டியதும் நான் மட்டும் இறங்கிப் புல்லுக்குள்ளேயே நடந்து திரும்பினேன். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டேன். நல்ல வெயில். எறும்பு ஊர்வதுகூடத் தெரியும் வெளிச்சம்.

கொஞ்ச நேரத்தில் ஓடைப்பக்கப் புல் விலகியது. மெலிந்த ஒரு பெண் வந்தார். திருடி போல அல்ல. சந்தைக்குப் போய்விட்டுச் சொந்த வீட்டுக்குத் திரும்புகிறவள் போல, வாசலில் காலைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நான் ஜன்னல் வழியே பார்த்தேன். மேசையைத் தூக்கி ஓரம் வைத்தார், சத்தம் வராமல். கயிற்றை அவிழ்த்துச் சட்டத்தை இறக்கினார். பிறகு குனிந்து அதற்கு அடியில் புகுந்து, மண்தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார். தரையைத் தட்டிக்கொடுத்தார், குழந்தையைத் தூங்கவைக்கிற மாதிரி.

நான் உள்ளே போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா பேசு. இப்பத்தான் தூங்கினாங்க."

"யாரு?"

"உன் கண்ணுல படலியா? மிண்டாவும் ஏசாவும்தான்."

நான் தரையில் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்கார்வது? அவர் தானாகவே சொல்ல ஆரம்பித்தார். போன ஜனவரியில் தொண்டை அடைப்பான் வந்திருக்கிறது. குழந்தைகள் இரண்டுக்கும், இவருக்கும். இவர் நினைவில்லாமல் கிடந்தபோது முதலில் ஏசா, பிறகு மிண்டா. இவருக்கு நினைவு வந்தபோது இரண்டும் இல்லை.

"வெளிய மண்ணு இரும்பு மாதிரி உறைஞ்சு கிடந்துச்சு. கோடாலி கூட இறங்கலியாம். வீட்டுக்குள்ளதான் அடுப்புச் சூட்டுல மண்ணு இளகியிருந்துச்சு. 'இங்கதான் வெச்சிருக்கேன், உன் கட்டிலுக்குப் பக்கத்துல'ன்னு ஓரின் சொன்னான். அப்புறம் எப்படி அது மேல நடக்கறது சொல்லு? அதுக்குத்தான் சட்டத்தை இறக்கி வெச்சேன். யாரும் மிதிக்க மாட்டாங்கல்ல?"

நான் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நீ ஏசாவோட நெஞ்சு மேல மேசைக்காலை வெச்சிருக்க" என்றார். கோபமாக அல்ல. பக்கத்து வீட்டுக்காரியிடம் உன் கோழி என் தோட்டத்துக்கு வருகிறது என்று சொல்வது போல.

ஓரின் இவரை மேற்கே கூட்டிப்போக வண்டியில் ஏற்றியிருக்கிறார். ஊர் எல்லை தாண்டுவதற்குள் இவர் குதித்து இறங்கிவிட்டார். "வர்றியா இல்லியா?" என்றாராம். "பிள்ளைங்களை விட்டுட்டா?" என்றாராம் இவர். அவர் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். வீடு கட்டுவதற்கு முன் அவர்கள் குடியிருந்த, ஓடைக்கரையைக் குடைந்து செய்த குழிவீடு ஒன்று புல் மூடிக் கிடக்கிறது. அன்றிலிருந்து அதில்தான் இருக்கிறார். ஹாவ்லிக் சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறார், கடிதங்களை எடுத்துப்போகிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் இவர்.

"என் பிள்ளையை ஏன் தொட்டீங்க?" என்று கேட்டேன்.

"அழுதா. நீ ஓடையில இருந்த. அழவிட்டுடறதா?" என்றார். பிறகு, "உன் ரொட்டியில உப்பு கம்மி" என்றார்.

லெம் வந்தபோது நாங்கள் இருவரும் சட்டத்துக்கு எதிரெதிரே உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தோம். அவர் துப்பாக்கியை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

அல்மேடா


டன்மோர்
1874 நவம்பர் 24

அல்மேடா,

இனி எனக்கு அம்மா என்று எழுதாதே. அக்கா என்று எழுது. அவள் அப்படித்தான் எழுதுவாள்.

இந்த வருஷம் ஈஸ்டருக்கு மிண்டாவுக்கு ஒரு ரிப்பன் அனுப்பினேன். "ரொம்பப் பிடித்துப்போயிற்று, கழற்றவே மாட்டேன் என்கிறாள்" என்று திர்ஸா பதில் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை இப்போது எடுத்துப் படித்தேன். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பிறகு திறந்து மறுபடி படித்தேன்.

உடனே கிளம்பி வந்துவிடுவேன். ஆனால் என் கணவர் இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிறார். அங்கேயும் பனி இறங்கியிருக்கும். வசந்தத்தில் வருகிறேன். அதுவரை அவளைக் குழிவீட்டில் விடாதே. உன் குழந்தை விஷயமாக உனக்குப் பயம் இருக்கும். இருந்தால் சொல், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அவளை உள்ளே வைத்துக்கொள்.

கெசியா


ஸ்னைப் ஓடை
1875 மார்ச் 8

அக்கா,

குளிர்காலம் முடிந்துவிட்டது. திர்ஸா எங்களோடுதான் இருந்தார். பயம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். முதலில் சில வாரங்கள் குழந்தையை என் மேலேயே கட்டிக்கொண்டு தூங்கினேன். பிறகு அந்தப் பழக்கம் தானாக விட்டுப்போயிற்று. வினிக்கு நடக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். எப்போதாவது மிண்டா என்று கூப்பிட்டுவிடுவார். வினியும் திரும்பிப் பார்ப்பாள்.

சட்டத்தை நாங்கள் தூக்கவில்லை. மேசையைக் கதவோரம் போட்டுக்கொண்டோம். மாலையில் திர்ஸா தரையோடு பேசுவார். நாங்கள் கேட்காத மாதிரி இருப்போம். மெல்ல மெல்ல நாங்களும் குரலைத் தாழ்த்திப் பேசப் பழகிவிட்டோம். லெம் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் அந்தப் பக்கம் போவார். ஒரு தடவை அடுப்பு மூடியைக் கீழே போட்டுவிட்டு, "மன்னிச்சிரு ஏசா" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

நீங்கள் வந்து கூட்டிப்போவீர்கள் என்று சொன்னேன். பிள்ளைகளை விட்டு வரமாட்டேன் என்றார். அவர்களையும் எடுத்துப்போகலாம், ஒரு பெட்டியில் பத்திரமாக வைத்து, டன்மோரில் உங்கள் பெற்றோர் கல்லறைப் பக்கத்தில் வைத்துவிடலாம் என்றேன். பல நாள் யோசித்தார். போர்வை முடிந்த அன்று சம்மதித்தார். அதிலேயே சுற்றிக் கொண்டுபோக வேண்டும் என்றார். தோண்டுவதைத் தன்னால் பார்க்க முடியாது என்றார். ஆகவே நேற்று அவரை ஹாவ்லிக் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

லெம் தோண்டினார். அக்கா, அங்கே ஒன்றும் இல்லை.

ஒரு சாண் ஆழத்திலேயே பழைய புல்வேர்கள் வந்துவிட்டன. அறுபடாத வேர்கள். இந்த வீடு கட்டிய நாளிலிருந்து அந்த மண்ணை யாரும் தொட்டதே இல்லை. நாங்கள் நம்பவில்லை. கட்டிலுக்கு அடியில், அடுப்புக்கு முன்னால், சுவரோரம் என்று அறை முழுவதும் தோண்டிப் பார்த்தோம். எங்கேயும் அதே வேர்கள். திர்ஸா வாய்விட்டு அழைத்ததும், நாங்கள் மெதுவாக நடந்ததும், மன்னிப்புக் கேட்டதும் வெறும் தரையிடம்.

ஹாவ்லிக்கைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அந்த ஜனவரியில் ஒரு நாள் ஓரின் பனிச் சறுக்குவண்டியில் எதையோ மூடிக்கொண்டு வடக்கே போனதைப் பார்த்தாராம். விறகுக்குப் போகிறான் என்று நினைத்தாராம். போகும்போது வண்டியில் ஏதோ இருந்தது, வரும்போது இல்லை, அதுதான் அன்றைக்கு விசித்திரமாகப் பட்டது என்கிறார். வடக்கே முழுக்கப் புல்வெளிதான். ஓநாய்கள் இருக்கின்றன. அதற்கு மேல் நான் நினைக்க விரும்பவில்லை.

தரையை மூடிச் சமமாக்கிவிட்டோம். திர்ஸா நாளை திரும்பிவிடுவார். பெட்டி தயாராக இருக்கிறது, காலியாக. நான் என்ன சொல்வது? உங்கள் பதில் வரும்வரை, பெட்டியை ஆணியடித்து மூடிவிட்டோம், நீங்கள் வந்துதான் எடுக்க வேண்டும் என்று சமாளிக்கிறேன்.

அல்மேடா


டன்மோர்
1875 மார்ச் 20

அல்மேடா,

வாழ்க்கையில் ஒரு பொய்யும் சொல்லாதவள் நான் என்று ஊரே சொல்லும். அது உண்மையும்கூட. என் கணவரிடம் அவர் சமைத்த சூப்பு நன்றாக இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவள்.

மூன்று நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அவள் அந்த வடக்குப் புல்வெளிக்குள் நடக்க ஆரம்பிப்பாள். எப்போது நிற்பாள் என்று உன்னாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

பெட்டி காலியாக இருக்கக் கூடாது. அதில் என்ன வைக்கிறாய் என்று எனக்கு எழுதாதே. நேரில் வரும்போதும் சொல்லாதே. போர்வையில் சுற்று. ஏப்ரல் கடைசியில் ரயிலடிக்கு வருகிறேன். அங்கே கொண்டுவந்து விடுங்கள்.

கெசியா


ஸ்னைப் ஓடை
1875 ஜூன் 13

அக்கா,

நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று நீங்கள் எழுதிய ஒரு வரிதான் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ரயிலடியில் நாம் அரை மணி நேரம் சேர்ந்து நின்றோம், இருவரும் வானிலையைப் பற்றியே பேசினோம்.

ஒன்று என்னை உறுத்துகிறது. வண்டியிலிருந்து பெட்டியை இறக்க லெம் கை நீட்டியபோது திர்ஸா அவரை விலக்கிவிட்டுத் தானே தூக்கினார். தூக்கியதும் ஒரு நொடி அப்படியே நின்று என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. வடக்கே உழப் போகிற போதெல்லாம் லெம்முடன் நானும் போகிறேன். தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். இதுவரை எதுவும் கிடைக்கவில்லை.

அவர் ஏதாவது சொன்னாரா?

அல்மேடா


டன்மோர்
1875 ஆகஸ்ட் 22

அன்புள்ள அல்மேடா,

பதில் எழுதத் தாமதம் செய்தேன், எழுத எதுவும் இல்லாததால். மே மாதம் முதல் ஞாயிறு பெட்டியை அடக்கம் செய்தோம். எங்கள் அம்மாவின் பக்கத்தில். போதகர் ஜெபித்தார். திர்ஸா குழி ஓரத்தில் மண்டியிட்டு அழுதாள். அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. வந்திருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்றாள். அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். ஊர்ப் பெண்கள் கல்யாணப் போர்வைக்கு அவளிடம்தான் வருகிறார்கள். நம் பொய் பலித்துவிட்டது என்று நான் கடவுளிடம் நன்றியும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன், இரண்டையும் ஒரே மூச்சில்.

நேற்று இருவரும் பின்கட்டில் உட்கார்ந்து ஆப்பிள் சீவிக்கொண்டிருந்தோம். தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அக்கா, அல்மேடாவுக்கு எழுதறப்ப, அவ மண்ணை நல்லா சலிச்சிருந்தான்னு எழுது."

"எந்த மண்ணு?"

"பெட்டியில இருந்ததுதான். கல்லு இல்ல, வேர் இல்ல. ரொட்டி மாவு மாதிரி. அவ்வளவையும் சலிக்க எத்தனை நாள் உட்கார்ந்தாளோ பாவம்."

என் கத்தி கீழே விழுந்தது. நான் போதகரிடம் பேசப் போயிருந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். அதற்கும் முன்னால், ரயிலடியில் தூக்கியபோதே தெரிந்துவிட்டதாம். "ரெண்டு பிள்ளையைச் சுமந்தவளுக்குக் கனம் தெரியாதா?" என்றாள்.

"தெரிஞ்சுமா வந்த? தெரிஞ்சுமா குழிப்பக்கம் நின்னு அப்படி அழுத?" என்று கேட்டேன். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது, அல்மேடா. உன்னிடம் சொல்வதில் வெட்கம் இல்லை.

"ஏன், அழக் கூடாதா?" என்றாள். சீவிய தோலை மடியிலிருந்து உதறினாள். "ஓரின் எங்க கொண்டுபோய் விட்டான்னு தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல. நான் எழுதினதை எல்லாம் நீ நம்பினல்ல? அந்த வருஷம் பூரா அதுங்க என்கிட்ட இல்ல. ஆனா உன்கிட்ட உயிரோட இருந்துச்சுங்க. பல்லு விழுந்துச்சு, ரிப்பன் கட்டிக்கிட்டுச்சு, கோழியைத் துரத்துச்சு. நீ நம்பினதாலதான் நான் அந்தக் குழிவீட்ல உட்கார்ந்து அடுத்த கடுதாசி எழுதினேன். இப்ப நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து, இவ்வளவு பாடுபட்டு எனக்காக ஒரு பொய் சொல்றீங்க. நான் ஒருத்தி நம்பக் கூடாதா?"

சொல்லிவிட்டு அடுத்த ஆப்பிளை எடுத்தாள். இடது கையில் கத்தி, தோல் அறுபடாமல் நீளமாக இறங்கிக்கொண்டே இருந்தது.

அவள் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன்.

உன் அக்கா,
கெசியா